பெரட்டுக்கு ஆள் போனபின் லயத்தில் இருப்பவர்கள்

இந்தமுறை இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனபோது பார்த்தவற்றில் ஒன்றை மட்டும் விரிவாக எழுத வேண்டும் போலிருக்கிறது. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டன் வரை ரயில் பரவாயில்லை. அங்கிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் பஸ் உண்டு. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டி 2017இல் திறந்த பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆனால் மேல்கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், முழங்கால் வீங்கிப் படுத்திருக்கும் ஒரு பாட்டியை அதுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னும் பெரும்பாடுதான்.

நான் எழுத வந்தது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் செய்கிற ஒரு வேலையைப் பற்றி. நடமாட முடியாத முதியவர்களின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய் ஒரு மணித்தியாலம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருகிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் நடத்துகிறார்.

சுவருக்குச் சுவர் வீடிருக்கிற லயத்தில் யாருக்குத் தனிமை என்று கேட்கலாம். காலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டம், முடிந்து எல்லோரும் மலைக்கு ஏறியபின் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், மகன் கொழும்பில் கடையில், மருமகள் கொழுந்துக் கூடையோடு மலையில். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) ஒரு முதியவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். மத்தியானம் வரை பேச ஆளில்லை. டீச்சர் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகளை அனுப்புகிறார். மாலையில் வீடு நிறைந்திருக்கும்போது போய்ப் பயனில்லை என்கிறார்.

ஒரு நாள் கூடப் போனேன். அந்த அம்மாயிக்கு வலது காது கேட்காது. போன பிள்ளை யாரும் சொல்லாமலே இடது பக்கமாகப் போய் உட்கார்ந்தது. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தங்கச்சி குடும்பம் இந்தியாவுக்குப் போன கதையை அம்மாயி தொடங்கினார். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி (ரயில்) கிளம்பியது, தலைமன்னாரில் கப்பல் ஏறியது, கூடலூரிலிருந்து வந்த முதல் கடிதம். பலமுறை கேட்ட கதைதான். ஆனாலும் அந்தப் பிள்ளை, "அன்னிக்கு சின்னவளுக்கு என்ன சட்டை போட்டிருந்தாங்க, அம்மாயி?" என்று கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே சட்டையின் நிறத்தைச் சொன்னார். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த கிழமையும் நீதான் வரணும் புள்ள, வேற ஆள அனுப்பிப்புடாத" என்றார்.

ஆள் மாறக் கூடாது என்பதுதான் டீச்சரின் முதல் சட்டமும். அதே ஆள், அதே நாள், அதே நேரம். முன்பு ஒரு பையன் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒரு தாத்தா வாரக்கணக்கில் செவ்வாய்க்கிழமை படியில் உட்கார்ந்து பாதையையே பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு, விலகுகிறவர் புதியவரை இரண்டு தடவையாவது கூட்டிப்போய்ப் பழக்கிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறார்.

காசைத் தொடக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது, எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வாங்கக் கூடாது. ஆனால் கண் திறந்திருக்க வேண்டும். அடுப்பு மூட்டவில்லையா, கால் வீங்கியிருக்கிறதா, குளிசை (மாத்திரை) அப்படியே இருக்கிறதா? பார்த்ததை அன்றே டீச்சரிடம் சொன்னால் அவர் கொப்பியில் குறித்துக்கொண்டு, வீட்டாரிடமோ தோட்ட டிஸ்பென்சரியிலோ பேசுவார். நான் இருக்கும் டொரொன்டோவில் தொண்டராகப் போகும் இடத்தில் பொலிஸ் சான்றில்லாமல் யாரையும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். தோட்டத்தில் கிராம உத்தியோகத்தரின் நற்சான்று வாங்குகிறார்கள், முதல் இரண்டு தடவை தனியே அனுப்புவதில்லை. எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஆண்கள் விஷயம் வேறு. பார்க்க வந்தோம் என்றால், "எனக்கென்ன நோயா?" என்று கேட்டுவிடுவார்களாம். அதனால் டீச்சர் பிள்ளைகளை எதையாவது கற்றுக்கொள்ளத்தான் அவர்களிடம் அனுப்புகிறார். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக் கை நடுங்கிப்போன ஒரு தாத்தா, மாசியில் ஆடும் காமன் கூத்துப் பாட்டை இரண்டு பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தப்பு மேளத்தை மடியில் வைத்ததும் அவருடைய விரல் நடுக்கம் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அரசாங்கத்தின் பக்கம் வழிகள் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 60 வயதானால் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். ஆனால் பிறப்புச் சான்றில் ஒரு பெயர், சேமலாப நிதிப் (பி.எஃப்.) புத்தகத்தில் இன்னொரு பெயர் என்றிருப்பவர்களுக்கு அதுவே மலையாகிவிடுகிறது. அப்படிப்பட்டவர்களின் பட்டியலையும் டீச்சர்தான் எழுதி வைத்திருக்கிறார்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தயவுசெய்து இனிச் சக்கர நாற்காலி அனுப்பாதீர்கள். படியும் சரிவுமான லயத்தில் அதை உருட்ட இடமில்லை. ஒன்று கோயில் மண்டபத்தில் மடித்தபடி கிடக்கிறது. டீச்சருக்குத் தேவை போன் ரீலோட், பஸ் காசு, பிள்ளைகளுக்குக் குடை, அவருக்கே மாதம் ஒரு படிப்பணம். டொரொன்டோவில் இதே வேலையை ஒருங்கிணைப்பவர் சம்பளம் வாங்குகிறார். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் தொண்டர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சில மாதத்தில் எல்லாம் நின்றுவிடும். ஒரு வருடத்துக்கான படியை எங்கள் குடும்பம் ஏற்றிருக்கிறது. கீழ்க்கணக்கு லயங்களுக்கும் இதைக் கொண்டுபோக டீச்சர் நினைக்கிறார். அதற்குத் தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த இன்னொருவர் வேண்டும், அவருக்கும் ஒரு படி வேண்டும்.