கரியா, ஹைட்ரஜனா? தாதுவிலிருந்து உலோகம் எடுக்க எது நல்லது

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும், பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் வேதியியல் சந்தேகங்களோடு என்னிடம் வருவார்கள். போன வாரம் ஒருத்தி கேட்டாள்: "அங்கிள், ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை எடுக்கணும், அவ்வளவுதானே? கரி எடுத்தா என்ன, ஹைட்ரஜன் எடுத்தா என்ன?" நிலக்கரியை நம்பியே வாழும் இந்த நாட்டில் கேட்க வேண்டிய கேள்விதான்.

தாமிரத்தில் தொடங்கினேன். கண்ணாடிக் குழாயில் கறுப்புக் காப்பர் ஆக்சைடைப் பரப்பி, ஹைட்ரஜனை ஓடவிட்டுச் சூடு காட்டினால், 300 டிகிரிக்குள்ளேயே ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்று தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பரவி, கறுப்பை விழுங்கிவிடும். குழாயின் குளிர்ந்த முனையில் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டும். கரித்தூளோடு கலந்து மூசையில் வைத்தாலும் தாமிரம் கிடைக்கும். ஆனால் சூடு இன்னும் அதிகம் வேண்டும், மிச்சக் கரியும் உலோகத்தோடு கலந்து கிடக்கும். சுத்தத்தில் ஹைட்ரஜன்தான் மேல். ஒரு எச்சரிக்கை: குழாயில் காற்று மிச்சமிருக்கும்போது சூடேற்றினால் வெடித்துவிடும். அடுப்பை அணைத்த பிறகும், ஆறும்வரை வாயு ஓட வேண்டும். இல்லையென்றால் சூடான தாமிரம் காற்றுப் பட்டு மறுபடி கறுத்துப்போகும்.

டங்ஸ்டனில் போட்டியே இல்லை. கரியைச் சேர்த்தால் கரியோடு சேர்ந்து கார்பைடு என்ற வேறு பொருளாகிவிடும். அதனால் பல்பு இழைக்கான தூளை ஹைட்ரஜனில்தான் ஒடுக்குகிறார்கள், அதாவது ஆக்சிஜனை நீக்குகிறார்கள்.

மாங்கனீசும் குரோமியமும் நேர்மாறு. கலஹாரியில் மாங்கனீசு, புஷ்வெல்டில் குரோமைட் என்று தென்னாப்பிரிக்காவில் இரண்டும் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் ஹைட்ரஜன் மாங்கனீசு டை ஆக்சைடை மோனாக்சைடு வரைக்கும் இறக்கிவிட்டு, அங்கேயே நின்றுவிடும். குரோமியம் ஆக்சைடும் லேசில் மசியாது. இங்கே மின்வில் உலையும் (மின்சாரத்தில் சூடேறும் உலை) கரியும்தான் கைகொடுக்கின்றன.

அப்புறம் இரும்பு. ஊது உலையில் கல்கரி மூன்று வேலை செய்கிறது: எரிந்து சூடு தருகிறது, கார்பன் மோனாக்சைடாகி ஆக்சிஜனை இழுக்கிறது, உருகாமல் நின்று மேலே இருக்கும் பாரத்தையும் தாங்குகிறது. ஹைட்ரஜனால் இழுக்கும் வேலை மட்டும்தான் முடியும். அந்த வினையும் சூட்டைக் கேட்கும்: ஒரு மோல் ஹேமடைட்டுக்கு (இரும்பு ஆக்சைடுத் தாது) ஏறக்குறைய 100 கிலோ ஜூல் வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். உருகாமல் துளை துளையாகக் கிடைக்கும் கடற்பஞ்சு இரும்பை உருக்க வேறு உலை வேண்டும். ஆனால் ஹைட்ரஜன் மூலக்கூறு சிறியது, தாதுவின் நுண்துளைகளில் சட்டென்று புகுந்துவிடும். சுமார் 820 டிகிரிக்கு மேல் ஒடுக்கும் வலுவும் அதற்கே அதிகம். கரி வழியில் ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன்னை ஒட்டி கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஹைட்ரஜன் வழியில் உலையிலிருந்து வருவது நீராவி. சுவீடனில் ஹைப்ரிட் (HYBRIT) என்ற திட்டம் 2021இல் இப்படி எடுத்த இரும்பில் எஃகு செய்தே காட்டியது.

அப்படியென்றால் இங்கேயும் மாறிவிடலாமா? அவளையே கணக்குப் போடச் சொன்னேன். ஒரு டன் இரும்புக்கு 54 கிலோ ஹைட்ரஜன். தண்ணீரை மின்னாற்பகுத்து ஒரு கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். மொத்தம் 2,700 யூனிட். நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருவது. ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டி கார்பன் டை ஆக்சைடு. பெருக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்: "ஊது உலையை விட இது மோசம், அங்கிள்!"

ஆமாம், நிலக்கரி மாகாணமான ம்புமலங்காவின் அனல் மின்சாரத்தில் எடுத்த ஹைட்ரஜன், சுற்றுவழியில் வந்த நிலக்கரிதான். சூரிய மின்சாரம் என்றால் கணக்கே வேறு. சிஷன் இரும்புத் தாது கிடக்கும் வட கேப் மாகாணத்தில்தான் வெயிலும் கொளுத்துகிறது. அங்கே ஹைட்ரஜன் பக்கமே நான் நிற்பேன்.

"அந்த வறண்ட இடத்துல தண்ணிக்கு எங்கே போறது?" என்றாள். குழாய் முனையில் கட்டும் துளிகளை நினைவுபடுத்தினேன். ஹைட்ரஜன் எடுக்கப் பிரித்த தண்ணீர்தான் ஒடுக்கம் முடிந்து ஆவியாக உலையின் மேலே வருகிறது. குளிரவைத்துப் பிடித்தால் பெரும்பகுதி மறுபடி மின்பகுப்புத் தொட்டிக்கே போய்விடும்.