கீழக்கரையில் விற்பனைக்கு வந்திருக்கும் 1952 பிளிமத் கிரான்புரூக்: வாங்கலாமா?

பெயின்ட் மங்கிவிட்டது. குரோமில் புள்ளி விழுந்திருக்கிறது, சீட் துணி ஓரங்களில் நைந்துபோயிருக்கிறது. ஆனால் வண்டியில் யாரும் பெரிதாகக் கைவைக்கவில்லை. பட்டி பூச்சு கிடையாது, 12 வோல்ட் வயரிங் கிடையாது. இந்தத் தலைமுறை அமெரிக்க வண்டிகள் பலவற்றில் எப்போதோ பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றிவிட்டார்கள். இதில் அதுவும் நடக்கவில்லை. பளபளவென்று பெயின்ட் அடித்து இரண்டு மடங்கு விலை சொல்லும் வண்டியை விட இதுவே மேல், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் நம்பர். இன்ஜின் நம்பர் பிளாக்கின் இடதுபக்க முன்புறம், ஜெனரேட்டருக்கு மேலே குத்தியிருக்கும். 1951, 52 கிரான்புரூக்கில் அது பி23 என்று தொடங்க வேண்டும். இதில் அப்படியே இருக்கிறது, ஆர்.சி. புத்தகத்தோடும் ஒத்துப்போகிறது. 217.8 கன அங்குலம், ஆறு சிலிண்டர், சைடு வால்வு (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே இருக்கும்), 97 குதிரைத்திறன். கேஸ்கட் வாங்கும் முன் சிலிண்டர் ஹெட்டின் நீளத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் செய்த பிளாக்கில் ஹெட் சுமார் 23 அங்குலம், கனடாவில் செய்ததில் 25. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், கேஸ்கட் மட்டும் உட்காராது.

அடுத்து துரு. இந்தக் கடற்கரையில் இதைப் பேசாமல் எந்த வண்டியையும் பேச முடியாது. காரைக்குடியில் உள்ள செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்கப் பக்கத்தில் மண்டபத்தில் தளம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டி நின்ற கொட்டகை தெற்கே கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. வண்டியைப் பின்புறம் கடலைப் பார்க்க நிறுத்தியிருக்கிறார்கள். தெற்கேயிருந்து சோழகக் காற்று அடிக்கும் மாதங்களிலெல்லாம் உப்பு முழுவதும் டிக்கியில்தான் இறங்கியிருக்கிறது. பலன் தெளிவாகத் தெரிகிறது: முன் மட்கார்டு, பானெட், கதவுகளின் அடிப்பகுதி எல்லாம் கெட்டி. ஸ்டெப்னி படுத்திருக்கும் தளத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் இரண்டு இடத்தில் உள்ளே போகிறது. டிக்கி ரப்பருக்குக் கீழே உள்ள வடிகாலில் மணலும் இலையும் சேர்ந்து அடைத்திருந்ததும் ஒரு காரணம். சேஸிஸைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்ற சத்தம்தான், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் உட்பட. அதுதான் முக்கியம். டிக்கித் தளத்துக்கு இரண்டு ஒட்டுப் போட்டால் போதும். அந்தச் சாக்கில் முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.

இன்ஜின் ஓடுகிறது, ஆனால் ஆறில் இரண்டு சோர்வாக இருக்கிறது. எல்லா பிளக்கையும் கழற்றி, திராட்டிலைத் திறந்துவைத்துப் பார்த்த கம்ப்ரஷன்: முதல் நான்கில் 100 முதல் 105 பி.எஸ்.ஐ., ஐந்தாவதில் 85, ஆறாவதில் 80. பின்னால் உள்ள இரண்டு மட்டும் குறைந்தால், இந்த இன்ஜினில் முதல் சந்தேகம் தண்ணீர்க் குழாய் மேல்தான். வாட்டர் பம்புக்குப் பின்னால், பிளாக்கின் முழு நீளத்துக்கும் ஒரு தகரக் குழாய் ஓடுகிறது. அதிலுள்ள துளைகள் வழியாகத்தான் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் குளிர்ந்த நீர் போகும். குழாய் துருப்பிடித்து உளுத்தால் தண்ணீர் முன்பக்கமே கொட்டிவிடும், பின்பக்கம் வெந்து வால்வு கருகும். டெம்பரேச்சர் மீட்டர் மட்டும் சமர்த்தாக நடுவிலேயே நிற்கும். ராமநாதபுரம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதை வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால் இந்தக் கதிதான். ரேடியேட்டரையும் பம்பையும் இறக்கி, கொக்கி போட்டுக் குழாயை மெதுவாக உருவ வேண்டும். துண்டு துண்டாகத்தான் வரும், பொறுமை வேண்டும். புதிதாகப் போடுவது பித்தளையாக இருக்கட்டும். கையோடு வெல்ஷ் பிளக்குகளையும் (பிளாக்கின் பக்கவாட்டுத் தண்ணீர் ஓட்டைகளை அடைக்கும் தகர மூடிகள்) மாற்றிவிடுங்கள். அதன் பிறகே ஹெட்டைத் திறந்து வால்வு வேலை. வரிசையை மாற்றினால் புது வால்வும் கருகும்.

பிரேக் முழுவதும் செய்தாக வேண்டும். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர், பின் சக்கரத்தில் ஒவ்வொன்று, அதாவது மொத்தம் ஆறு. மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில் தளத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரே லைன் என்பதால் எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பின் டிரம்மைச் சுத்தியலால் அடித்துக் கழற்ற விடாதீர்கள். கூம்பான ஆக்சிலில் இறுகி உட்கார்ந்திருக்கும், புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவி இல்லாமல் வராது. அடித்தால் மரை போய்விடும். இடதுபக்கச் சக்கர போல்ட்டுகள் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் பைப் போட்டு வலுவாக எதிர்ப்பக்கம் முறுக்கி ஒடிப்பது வழக்கமாக நடக்கும் விபத்து. ஹேண்ட் பிரேக் கியர்பாக்ஸின் வாலில் இருப்பதால், பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் அது பிடிக்காது. சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

மின்சாரம் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். "ஸ்டார்ட்டர் சோம்பேறி" என்பார்கள். உண்மையில் 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய பேட்டரி கேபிளை யாரோ மாட்டியிருப்பதுதான் குற்றவாளி. தடித்த கேபிள் போட்டு, எர்த் இடங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். பெட்ரோல் பம்பின் டயாபிரமும் ரப்பர் ஹோஸும் பழசு. இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அவை தாங்காது, மாற்றுங்கள். ஸ்டியரிங், கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் முளை) இரண்டிலும் ஆட்டம் குறைவு, கிரீஸ் அடித்தால் போதும். கியர் நன்றாக விழுகிறது.

ஆர்.சி. விற்பவர்களின் தாத்தா பெயரில் இருக்கிறது. எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டு, பெயர் மாறிய பிறகே முழுப் பணம். 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கான 2021 விதிகளில் பதிவு செய்தால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது.

11 லட்சம் கேட்கிறார்கள். தண்ணீர்க் குழாய், வால்வு, பிரேக், டிக்கி ஒட்டு எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சம் சுலபமாகப் போகும். எட்டரையில் தொடங்கி ஒன்பதரையில் முடித்தால் நியாயம். வாங்கியதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போக ஆசைப்பட வேண்டாம், டிரக்கில் ஏற்றுங்கள். கயிற்றை ஆக்சிலில் கட்டுங்கள், பம்பரில் வேண்டாம்.