சென்ற ஆண்டின் வட்டிக்கு இந்த ஆண்டும் வரி கட்டினேன்

வருமான வரி விவரத்திரட்டை, அதாவது ஆண்டு வருமானத்தையும் சொத்தையும் வரியையும் அரசுக்குக் காட்டும் படிவத்தை, வெளியாரிடம் கொடுத்து நிரப்புகிறவர்கள், அதிலும் வங்கியில் நிலையான வைப்பு வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதை வாசியுங்கள். எனக்கு வராத வட்டிக்கு நான் வரி கட்டியிருக்கிறேன். 41,500 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. வங்கி அதிகாரி ஒருவர் கேள்வி கேட்டிருக்காவிட்டால் இன்றுவரை எனக்குத் தெரிந்திருக்காது.

கொழும்பு கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சம்பளத்துக்கான வரியை நிறுவனமே மாதந்தோறும் பிடித்துக் கட்டிவிடும். அதற்கு வெளியே எனக்கு இருப்பது 25 இலட்சம் ரூபாய் வைப்பு ஒன்றுதான். ஊரில் இருந்த காணியை விற்று வந்த பணம். அதன் வட்டிக்காகத்தான் ஆண்டுதோறும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. காலி வீதியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு வரி ஆலோசனை அலுவலகத்திடம் மூன்று ஆண்டுகளாக இந்த வேலையைக் கொடுத்துவந்தேன். கட்டணம் 12,500 ரூபாய்.

2023 இல் வட்டி வீதம் எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. பொருளாதார நெருக்கடிக்குப் பின்னான அந்த நாட்களில் என் வைப்புக்கு 18 சதவீதம் கிடைத்தது. 2023/24 மதிப்பீட்டு ஆண்டில் (ஏப்ரல் முதல் மார்ச் வரையான வரி ஆண்டு) 4,50,000 ரூபாய் வட்டி. அதில் 5 சதவீதமான 22,500 ரூபாயை வங்கி முற்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு வைப்பைப் புதுப்பித்தபோது வீதம் 8 சதவீதமாக இறங்கியிருந்தது. ஆகவே 2024/25 இல் எனக்கு வந்த வட்டி 2,00,000 ரூபாய், பிடித்த வரி 10,000 ரூபாய். வங்கி தந்த சான்றிதழில் இந்த இரண்டு எண்களும் தெளிவாக இருக்கின்றன.

அந்தச் சான்றிதழ் கிடைக்கச் சற்றுத் தாமதமாகியது. சம்பளச் சான்றிதழை முதலில் கொடுத்தேன், வட்டிச் சான்றிதழை இரண்டு வாரம் கழித்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "கிடைத்தது மிஸ், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தது. செப்டெம்பர் 30 க்கு முன் மீதி வரியைக் கட்ட வேண்டும் என்பதால், கட்ட வேண்டிய தொகை 67,500 ரூபாய் என்று ஒரே வாக்கியத்தில் அறிவித்தார்கள். கட்டிவிட்டேன். நவம்பர் 30 க்கு முன் விவரத்திரட்டையும் இணையத்தில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை? முந்தைய ஆண்டில் 56,000 சொச்சம் கட்டியிருந்தேன். இதற்கிடையில் என் சம்பளம் மாதம் 1,80,000 இலிருந்து 2,00,000 ஆக உயர்ந்தது. சம்பளம் கூடினால் வரியும் கூடும்தானே என்று நினைத்தேன். பழைய எண்ணை அப்படியே கொண்டுவந்து வைக்கும்போது விடை நம்பும்படியாகவே வருகிறது. சைபர் ஒன்று கூடியிருந்தால் கண்ணில் குத்தியிருக்கும். சென்ற ஆண்டு உண்மையாக இருந்த எண்ணை எப்படிப் பிடிப்பது?

ஜனவரியில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தேன். வங்கியில் விவரத்திரட்டின் பிரதி கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன். நான்காம் நாள் அதிகாரி அழைத்தார். "விவரத்திரட்டின்படி உங்களுக்குக் கார் இருக்கிறது, அதற்கு லீசிங் கடனும் இருக்கிறது. விண்ணப்பத்தில் ஏன் காட்டவில்லை?" என்று கேட்டார். அந்தக் காரை நான் 2024 ஓகஸ்டிலேயே விற்று, அந்தப் பணத்தில் லீசிங்கையும் முடித்துவிட்டேன். அதை அலுவலகத்துக்கும் எழுதி அனுப்பியிருந்தேன். அடுத்த கேள்வி: "வருடத்துக்கு நாலரை இலட்சம் வட்டி வரும் வைப்பு எந்த வங்கியில்?" என் கைகள் நடுங்கின. கடனுக்காக நான் பொய் சொல்வதாக அவர் நினைத்திருப்பார் என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அன்று மாலையே அலுவலகத்துக்குப் போனேன். என் கோப்பைப் பார்க்கும் இளைஞர் கணினியைத் திருப்பிக் காட்டினார். அவர்களுடைய மென்பொருளில் புது ஆண்டைத் தொடங்கும்போது சென்ற ஆண்டின் தகவல்களைக் கொண்டுவரும் வசதி இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் பெயர், வரி இலக்கம், முகவரி, சொத்துப் பட்டியல் எல்லாம் வந்துவிடும். கூடவே வருமானத் தொகைகளும் வந்துவிடுகின்றன. சம்பளத்தின் இடத்தில் புது எண்ணைப் போட்டவர்கள், சான்றிதழ் வரும்வரை வட்டியின் இடத்தைப் பழைய எண்ணோடு விட்டிருக்கிறார்கள். சான்றிதழ் வந்த பிறகும் யாரும் அதைத் திறக்கவில்லை. வைப்பு, கார், லீசிங் எல்லாம் பழைய ஆண்டின் நகல். "மிஸ், அது மென்பொருள் தானாக எடுத்தது" என்றார். திருத்திக் கொடுக்க இன்னொரு 10,000 ரூபாய் கேட்டார்கள். அவர்கள் செய்த பிழைக்கு என்னிடமே கட்டணம்!

மென்பொருளை நான் குறை சொல்லவில்லை. வரி இலக்கமும் காணியின் உறுதி விவரமும் வாங்கிய விலையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. அவற்றைக் கொண்டுவருவது நல்ல உதவி. ஆனால் வட்டியும் பிடித்த வரியும் கடன் மீதியும் கையிருப்பும் ஒவ்வொரு மார்ச் 31 லும் புதிதாகப் பிறக்கும் எண்கள். அந்த இடங்களை வெறுமையாக்கிவிட்டு, சான்றிதழைப் பார்த்து நிரப்புவதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அதைச் செய்யாதவர் கட்டணத்தை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாமல் விட்டவர். நான் இதை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

என் பக்கத்துத் தவறையும் மறைக்கவில்லை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவைக்கான என் கடவுச்சொல் அவர்களிடம் இருந்தது. அனுப்புவதற்கு முன் முழு விவரத்திரட்டையும் நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அதில் உள்ளதெல்லாம் சரி என்ற உறுதிமொழி சட்டத்தின் முன் என்னுடையது. வங்கி பிடிக்காத 12,500 ரூபாயைப் பிடித்ததாகக் காட்டிக் கழித்திருப்பதும் என் பெயரில்தான். எனக்காவது வட்டி குறைந்த ஆண்டு. வட்டியோ வாடகையோ கூடிய ஒருவருக்கு இதே பிழை நேர்ந்தால் வரி குறைவாகக் கட்டப்பட்டிருக்கும், மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி அதன்மேல் ஏறிக்கொண்டிருக்கும்.

2025/26 க்கான விவரத்திரட்டு இன்னும் ஆபத்தானது. தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாமல் விடப்படும் ஆண்டு வருமானம், 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாகிவிட்டது. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த படி நேரே 18 சதவீதம். நடுவில் இருந்த 12 சதவீதப் படி இல்லை. வட்டியில் வங்கி பிடிக்கும் வரி 5 இலிருந்து 10 சதவீதமாகியிருக்கிறது. பழைய கோப்பை அப்படியே இழுத்துக்கொண்டு வந்தால், பிடித்த வரியில் பாதி காணாமல் போகும். அனுப்புவதற்கு முன் உங்கள் வங்கிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு எண்களும் விவரத்திரட்டில் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். சென்ற ஆண்டுப் பிரதியையும் பக்கத்தில் வையுங்கள். மாற வேண்டிய ரூபாய்க் கணக்கில் ஓர் எண் அச்சாக அப்படியே இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். கொம்பனித்தெருவில் திணைக்களத்தின் தலைமையகத்துக்கு இரண்டு முறை விடுப்பு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெண் அலுவலர் தமிழிலேயே பொறுமையாக விளக்கினார், அதை நன்றியோடு சொல்ல வேண்டும். திருத்திய விவரத்திரட்டைக் கொடுத்திருக்கிறேன்; பணம் இன்னும் வரவில்லை. வீட்டுக் கடன் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

அம்மாவின் கோப்பும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறது. ஓய்வூதியமும் இரண்டு வைப்புகளும் உள்ளவர். திங்கட்கிழமை போய் அதை வாங்கிவரப் போகிறேன். அவருடைய வட்டிச் சான்றிதழ்களை மேசையில் எடுத்து வைத்தாயிற்று.