பதில் கடிதத்தில் உள்ள தேதியை நம்பாதீர்கள்: தகவல் உரிமை மனுதாரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்பவர்களில் பெரும்பாலோர், பதில் வந்ததும் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த உறையைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். கடிதத்தின் தலைப்பில் அலுவலகம் போட்டுக்கொள்ளும் தேதிக்கும், உறையின்மீது அஞ்சல் துறை குத்தும் முத்திரையின் தேதிக்கும் இடையே பல வாரங்கள் இடைவெளி இருக்கக்கூடும் என்பதையும், அந்த இடைவெளியைக் கொண்டே சட்டம் நமக்குத் தந்த உரிமைகளை ஒரே வீச்சில் பறித்துவிட முடியும் என்பதையும் என் சொந்த அனுபவத்தில் அறிந்துகொண்டேன். அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம், இந்த முறை ஓர் அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று என்பது இன்னொரு காரணம்.

நான் கேட்டது எளிய ஆவணம். உள்ளாட்சி நிதியில் கட்டி முடித்ததாகக் கணக்குக் காட்டப்பட்ட ஒரு மழைநீர் வடிகாலின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேட்டிருந்தேன். எத்தனை மீட்டர் தோண்டினார்கள், எவ்வளவு கான்கிரீட் போட்டார்கள், எந்த நாளில் யார் அளந்து கையெழுத்திட்டார்கள் என்பதெல்லாம் அளவுப் புத்தகத்தில்தான் இருக்கும். ஒப்பந்ததாரருக்குத் தரும் பட்டியல் தொகை அதை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே ஒரு பொதுப்பணியில் பணம் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய ஆவணம் அதுவே, அலுவலகம் கடைசிவரை தர விரும்பாத ஆவணமும் அதுவே.

சட்டத்தின் 7(1) பிரிவின்படி முப்பது நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் தகவலைத் தர வேண்டும், அல்லது காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும். அந்தக் காலம் முடிந்தும் ஒன்றும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, கடிதம் தயாராகிவிட்டது, அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்றார்கள். பிறகு, நேரில் வந்தால் கோப்பையே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆவணங்களையும் பணிகளையும் நேரில் ஆய்வு செய்வது 2(j) பிரிவு தரும் உரிமைதான் என்பதால் சென்றேன். எதற்காக இந்த விவரங்களைக் கேட்கிறீர்கள் என்ற கேள்விதான் முதலில் வந்தது. மனுதாரர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது என்பதை நினைவூட்டினேன். ஒரு பதிவேட்டில் வருகைக்காகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு கோப்பு தணிக்கையில் இருக்கிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தணிக்கையில் இருப்பது தகவலை மறுப்பதற்கான காரணமே அன்று. மறுப்பதற்கு 8, 9 ஆகிய பிரிவுகளில் சொல்லப்பட்ட காரணங்கள் மட்டுமே உண்டு, அவற்றில் தணிக்கை என்று ஒன்று இல்லை.

பல வாரங்கள் கழித்து வந்த பதிலில், அளவுப் புத்தகத்தில் ஒப்பந்ததாரரின் தனிப்பட்ட விவரங்கள் இருப்பதால் 8(1)(j) பிரிவின்படி தர இயலாது என்று இரண்டு வரிகள் இருந்தன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக இந்தப் பிரிவு திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதையும், முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த பொதுநலன் பற்றிய சொற்களும், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைத் தனிமனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் அதில் இப்போது இல்லை என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் வடிகாலின் நீளமும் ஆழமும் யாருடைய தனிப்பட்ட விவரமும் அல்ல. மறுக்கத்தக்க பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்னும் 10ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. தீங்கைவிடப் பொதுநலன் மேலோங்கும்போது விலக்குகளையும் மீறித் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவும் அப்படியே இருக்கிறது. இந்த இரண்டையும் மேல்முறையீட்டில் கட்டாயம் குறிப்பிடுங்கள். மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டு அலுவலர் யார், எத்தனை நாட்களுக்குள் முறையிட வேண்டும் என்ற விவரங்களும் இருந்தாக வேண்டும் என்று 7(8) பிரிவு சொல்கிறது. எனக்கு வந்த கடிதத்தில் அவையும் இல்லை.

இவையெல்லாம் பலருக்கும் நேர்வதுதான். என்னை உண்மையில் ஏமாற்றியது கடிதத்தின் தலைப்பில் இருந்த தேதி. என் மனு அந்த அலுவலகத்துக்குக் கிடைத்து முப்பது நாட்கள் முடிவதற்குச் சற்று முன்னதான ஒரு நாளை அதில் போட்டிருந்தார்கள். தொலைபேசியில் "கையெழுத்துக்குக் காத்திருக்கிறது" என்று எனக்குச் சொல்லப்பட்டதும், நேரில் சென்று நான் நின்றதும், காகிதத்தின்படி அந்தக் கடிதம் அனுப்பப்பட்டதற்குப் பிந்திய நிகழ்ச்சிகளாகிவிட்டன.

இந்த ஒரு தேதியால் அலுவலகத்துக்கு என்ன ஆதாயம் என்று கேட்கலாம். இந்தச் சட்டத்தின் தனிச்சிறப்பே, தவறுக்கான விலையை நிறுவனத்தின்மீது போடாமல் குறிப்பிட்ட அலுவலர்மீது போடுவதுதான். நியாயமான காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய்வரை அந்த அலுவலர் தம் சொந்தப் பொறுப்பில் தண்டம் கட்ட வேண்டும் என்று 20(1) பிரிவு சொல்கிறது. தேதியை முன்னுக்குத் தள்ளினால் தாமதமே இல்லாமல் போகிறது. காலம் தவறினால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும் என்னும் 7(6) பிரிவும் செயலற்றுப் போகிறது. மூன்றாவதுதான் மிகக் கொடியது: முதல் மேல்முறையீட்டுக்கான முப்பது நாட்களைக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணினால், கடிதம் நம் கைக்கு வரும்போதே அதில் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

எனக்கு அதுவே நடந்தது. கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள்தான் மேல்முறையீடு செய்தேன். சட்டமும் பதில் பெற்ற நாளிலிருந்து என்றே சொல்கிறது. ஆனால் மேல்முறையீட்டு அலுவலர் விசாரணைக்கு அழைக்காமலே, கடிதத்தின் தேதியைக் கணக்கிட்டுக் காலாவதியாகிவிட்டது என்று ஆணை பிறப்பித்தார். அதோடு நிற்கவில்லை. "மனுதாரர் நேரில் வந்து ஆவணங்களைப் பார்வையிட்டுத் திருப்தி அடைந்துள்ளார்" என்றும் அந்த ஆணையில் எழுதப்பட்டிருந்தது. வருகைக்கென்று சொல்லி வாங்கிய கையெழுத்தைத்தான் அதற்குச் சான்றாகக் காட்டியிருந்தார்கள். மேல்முறையீட்டு அலுவலர் அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரி என்பதால், தம் கீழுள்ளவர் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் இயல்பு இந்த அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது. முதல் மேல்முறையீட்டைத் தற்சார்புள்ள ஒருவரிடம் ஒப்படைக்காதது இந்தச் சட்டத்தின் ஆழமான குறை என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் சட்டம் எதிலிருந்து பிறந்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போது இந்த ஏமாற்று மேலும் வலிக்கிறது. 1990களில் ராஜஸ்தானின் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய பொது விசாரணைகளில், வேலை செய்தவர்களின் வருகைப் பட்டியல்களையும் செலவுச் சீட்டுகளையும் ஊர்மக்கள் முன்னிலையில் உரக்கப் படித்தார்கள். காகிதத்தில் இருந்த பெயரும் நாளும் கையெழுத்தும் உண்மையோடு பொருந்தவில்லை என்பதை அந்த மக்களே எழுந்து நின்று சொன்னார்கள். தமிழ்நாட்டில் 1997இலேயே தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பொய்க் காகிதத்தை அம்பலப்படுத்த வந்த சட்டத்தையே ஒரு பொய்த் தேதியால் முடக்க முடிகிறது என்றால், குடிமக்களாகிய நாம் காகிதங்களை அவர்களைவிடக் கவனமாகப் பேண வேண்டியிருக்கிறது.

என்னைக் காப்பாற்றியது உறைதான். விரைவுத் தபாலில் வந்த அந்த உறையில் ஒட்டியிருந்த சீட்டில் பதிவு எண்ணும், அஞ்சலகத்தில் அது ஒப்படைக்கப்பட்ட நாளும் இருந்தன. அந்த எண்ணை அஞ்சல் துறையின் இணையதளத்தில் இட்டு, ஒப்படைத்த நாளும் எனக்குக் கிடைத்த நாளும் தெரியும் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டேன். இதை உடனே செய்துவிடுங்கள். காலம் கடந்தால் அந்த விவரம் இணையத்தில் கிடைக்காமல் போகலாம். அதன் பிறகு அதே அலுவலகத்துக்கு இன்னொரு மனுச் செய்து, அந்தப் பதில் கடிதம் பதிவான அனுப்புகைப் பதிவேட்டின் பக்கத்துக்கு நகல் கேட்டேன். அது வந்தது. கடிதத்தில் இருந்த தேதிக்குப் பல வாரங்கள் பிந்திய கடிதங்களின் நடுவே அந்தப் பதிவு இருந்தது. அஞ்சலகம் குறித்த நாளும் அதுவும் ஒத்துப்போயின. அலுவலகத்தின் சொந்தப் பதிவேடே அலுவலகத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இந்த வழியை இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் சாதாரணத் தபாலில் பதில் வந்து, முத்திரை தெளிவில்லாமல் இருந்தாலும் அனுப்புகைப் பதிவேடு என்று ஒன்று இருக்கும்.

பதில் கைக்கு வந்த அன்றே, "இன்ன தேதியிட்ட தங்கள் கடிதம் இன்ன நாளில்தான் எனக்குக் கிடைத்தது" என்று பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பிவிடுவது நல்லது. முப்பது நாட்கள் முடிந்தும் பதில் வராவிட்டால், அதை மறுப்பாகவே சட்டம் கருதுகிறது. ஆகவே வாய்மொழி உறுதிகளுக்காகக் காத்திராமல் உடனே முதல் மேல்முறையீடு செய்யலாம். எந்தப் பதிவேட்டில் கையெழுத்திட்டாலும் நாள், நேரம், எந்த ஆவணம் காட்டப்பட்டது அல்லது காட்டப்படவில்லை என்பதைக் கையெழுத்துக்கு மேலே நம் கைப்படவே எழுத வேண்டும். அதற்கு இடம் தராவிட்டால் கையெழுத்திடத் தேவையில்லை.

முதல் மேல்முறையீட்டிலும் தீர்வு கிடைக்காமல் தகவல் ஆணையத்துக்குச் செல்லும்போது ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 18ஆம் பிரிவின்கீழ் புகார் மட்டும் கொடுத்தால் அலுவலருக்குத் தண்டம் விதிக்க முடியுமே தவிர, தகவலைத் தரும்படி ஆணையிட முடியாது என்று மணிப்பூர் மாநிலம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆவணம் வேண்டுமென்றால் 19(3) பிரிவின்கீழ் தொண்ணூறு நாட்களுக்குள் இரண்டாம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அங்கே, மறுத்தது சரிதான் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு 19(5) பிரிவின்படி அலுவலரைச் சேர்ந்தது, நம்மைச் சேர்ந்ததன்று.

என் இரண்டாம் மேல்முறையீடு மாநிலத் தகவல் ஆணையத்தில் பதிவாகி, விசாரணை நாளுக்காகக் காத்திருக்கிறது. உறையின் நகல், அஞ்சல் துறைப் பக்கத்தின் அச்சு, அனுப்புகைப் பதிவேட்டுப் பக்கம் ஆகிய மூன்றையும் இணைத்து, ஆவணங்களை இலவசமாகத் தரவும், 20(1) பிரிவின்கீழ் தண்டம் விதிக்கவும், 19(8)(b) பிரிவின்கீழ் இழப்பீடு வழங்கவும் கோரியிருக்கிறேன். அளவுப் புத்தகத்தின் பக்கங்கள் இன்னும் வரவில்லை. அவை வந்ததும், வடிகாலை நேரில் அளந்து பார்க்க 2(j) பிரிவின்கீழ் அடுத்த மனுவைக் கொடுப்பேன்.