கார்மின் டிடி 15 மினி: எட்டுக் கிலோ நாய்க்குச் சரிவருமா?

அமெரிக்காவின் யூட்டா, ஐடஹோ, அரிசோனா மலைகளில் பூமாவை (மலைச் சிங்கம்) துரத்தி மரமேற்ற வழக்கமாக வாக்கர், புளூடிக் போன்ற பெரிய ஹவுண்டு வேட்டைநாய்களைத்தான் அவிழ்த்துவிடுவார்கள். கூடவே யாக்ட்டெரியர், ஃபைஸ்ட் என்ற சின்ன வேட்டைநாய்களில் ஒன்றிரண்டை ஓட்டுகிறவர்களுக்கு ஏற்ற காலர் இது: நாய் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் உங்கள் கைக்கருவியின் திரையில் புள்ளியாகக் காட்டும், பொத்தானை அழுத்தினால் நாய்க்கு ஷாக்கும் கொடுக்கும். யாக்ட்டெரியர் 33 முதல் 40 செ.மீ. உயரம், பத்துக் கிலோவுக்குள் எடை. முழு அளவு டிடி 15-ஐ அதன் கழுத்தில் மாட்டினால் பெட்டி நெஞ்சில் இடித்துக்கொண்டே இருக்கும். மினி அப்படி உறுத்தாது.

இந்தச் சின்ன அளவுக்கு நீங்கள் இழப்பது தூரத்தை. கம்பெனி சொல்லும் எல்லை முழு அளவுக்கு 9 மைல், மினிக்கு 4 மைல். இரண்டுமே நடுவில் தடை எதுவும் இல்லாதபோது. 150 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் வேலை செய்யும் ரேடியோ இது. பாறை முகடு குறுக்கே வந்தால் அவ்வளவுதான். சின்ன நாய்க்கு இன்னொரு சங்கடமும் உண்டு: ஆண்டெனா முழங்கால் உயரத்தில் ஓடுகிறது, பனியும் புதரும் அதை விழுங்கிவிடும். ஓடைப் பள்ளத்தில் நாய் இறங்கியதும் திரையில் கேள்விக்குறி வந்தால் அங்கேயே நின்று கருவியை ஆட்டாதீர்கள், மேட்டில் ஏறுங்கள். ஜீப் கூரையில் காந்த ஆண்டெனா வைப்பது கண்கூடாகப் பலன் தரும்.

மாட்டும் முறை முக்கியம். ஜிபிஎஸ் பகுதி பிடரியில் வானத்தைப் பார்க்கணும், பெட்டி தொண்டைக்குக் கீழே. அவிழ்த்துவிடும் முன் வெட்டவெளியில் ஆன் செய்து, செயற்கைக்கோள் பிடிக்கும்வரை காத்திருங்கள். கூண்டுக்குள் ஆன் செய்துவிட்டு ‘புள்ளி தப்பாகக் காட்டுகிறது’ என்று புலம்புவதில் பாதி இந்த அவசரத்தால்தான். ஷாக் முனைகள் தோலைத் தொடும் அளவுக்கு இறுக்கணும். நாள் முழுக்கக் கழற்றாமல் விட்டுவைத்தால் புண்ணாகும். மான் பின்னால் ஓடும் நாயைத் திருப்பத்தான் ஷாக். எதைத் துரத்துகிறது என்று கண்ணால் பார்க்காமல் பொத்தானைத் தொடக்கூடாது. பூமா வாசனையில் இருக்கும்போது ஒரு தடவை அடித்துவிட்டால் அந்த நாய் பூமாவையே வெறுத்துவிடும்.

2.5 விநாடிக்கு ஒருமுறை புள்ளி மாறும்படி வைத்தால் பேட்டரி கரையும். பழைய தடத்தை மோந்து ஊரும்போது 10 விநாடியே போதும். பேட்டரி 25 சதவீதத்துக்குக் கீழே போனால், மீட்பு வசதி இயங்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளிதான் வரும். அந்தி சாயும் நேரத்தில் அது கையை ஒடித்த மாதிரி.

திரையில் வரும் ‘மரமேற்றியது’ என்ற அடையாளத்தை மட்டும் நம்ப வேண்டாம். அமைப்பில் நாயின் வகையைச் சரியாகத் தேர்ந்திருந்தாலும், சின்ன நாய் ஓரிடத்தில் நிற்காமல் மரத்தைச் சுற்றிக் குதிப்பதால் அது வந்து வந்து போகும். திரையில் தடம் நூல்கண்டு மாதிரி ஒரே இடத்தில் சுருண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். சுருண்டிருந்தாலும் பூமா மரத்தில்தான் இருக்கும் என்றில்லை. குகை வாயிலோ பாறைத் திட்டிலோ தரையில் நின்று எதிர்த்துக்கொண்டிருக்கலாம். யாக்ட்டெரியர் பின்வாங்கத் தெரியாத சாதி, செத்துப்போவது அங்கேதான். காலரால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

கூட்டம் முழுக்க மினி வாங்காதீர்கள். முன்னோடும் ஹவுண்டுக்கு முழு அளவு, சின்ன நாய்களுக்கு மட்டும் மினி. சின்ன நாயின் சிக்னல் அறுந்தாலும் பெரிய நாயின் புள்ளியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரலாம்.