ஹோண்டா EU2200i: கேம்பர் பேட்டரிக்கு ஏற்ற ஜெனரேட்டரா?

கேம்பர் எனப்படும், தங்கும் வசதி கொண்ட வண்டிகள் நிற்கும் மின்னிணைப்பு இல்லாத முகாம்களில் அடிக்கடி கண்ணில்படும் இந்த இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், தொடர்ந்து 1,800 வாட் தரக்கூடியது. எடை சுமார் 21 கிலோ என்பதால் ஒருவரே தூக்கி இறக்கிவிடலாம். விலைதான் ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காகவே இதை வாங்க நினைப்பவர்கள், முகப்பில் இருக்கும் 12 வோல்ட் முனையை நம்பி வாங்க வேண்டாம்.

அந்த முனை தருவது 8.3 ஆம்பியர் மட்டுமே. இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் கிடைக்கும் ஏறத்தாழ 220 ஆம்பியர்-மணியில் பாதி தீர்ந்திருந்தால், அதை இவ்வழியே நிரப்பப் பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா முகாம்களிலோ காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே ஜெனரேட்டரை ஓட்டலாம்.

ஆகவே, வண்டியின் 30 ஆம்பியர் பிளக்கை ஓர் அடாப்டர் வழியாக 120 வோல்ட் சாக்கெட்டில் செருகி, உள்ளே இருக்கும் கன்வர்ட்டர் (120 வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்னோட்டமாக மாற்றும் கருவி) மூலம் ஏற்றுவதே முறை. இங்கே கன்வர்ட்டரின் தரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பழைய கன்வர்ட்டர்கள் பல 13.6 வோல்ட்டிலேயே நின்றுவிடுவதால், ஜெனரேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பேட்டரிக்குள் மின்னோட்டம் மந்தமாகவே செல்லும். ப்ரோக்ரஸிவ் டைனமிக்ஸ் நிறுவனத்தின் 45 ஆம்பியர் கன்வர்ட்டரில் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், பச்சை விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரியும்; 14.4 வோல்ட்டுக்கு மாறிவிட்டதற்கு அதுவே அடையாளம். அப்போதும் ஜெனரேட்டரின் மீதான சுமை பாதியை எட்டுவதில்லை; சுமைக்கேற்ப எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் ஈக்கோ நிலையில் சத்தமும் அடங்கியே இருக்கும். யோசெமிட்டியிலுள்ள டுவாலமி மெடோஸ் போன்ற 8,600 அடி உயர இடங்களில் எஞ்சினின் திறன் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்தாலும் இந்த வேலைக்கு அது போதும். ஏசி ஓட்ட நினைப்பவர்களுக்கு அந்த உயரத்தில் ஏமாற்றமே மிஞ்சும்.

ஈய-அமில பேட்டரி எண்பது விழுக்காட்டைத் தாண்டியதும் மின்னோட்டத்தை மெல்ல மெல்லத்தான் ஏற்கும் என்பதால், காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு எஞ்சியதைச் சூரியத் தகட்டிடம் விடுவதே சிக்கனம். கடைசி இருபது விழுக்காட்டுக்காக ஜெனரேட்டரை ஓட்டுவது பெட்ரோலுக்குப் பிடித்த கேடு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தச் சிக்கல் இல்லை. நிரம்பும் தறுவாய் வரை முழு ஆம்பியரையும் ஏற்கும், ஆனால் அதற்கேற்ற சார்ஜர் வேண்டும்.

அண்மை மாடல்களில் கார்பன் மோனாக்சைடு மிகுந்தால் எஞ்சினைத் தானாக நிறுத்தும் வசதி உண்டு. இருப்பினும் புகைக்குழாய் எந்த வண்டியின் சன்னலையும் நோக்காதபடி, திறந்த வெளியில் தள்ளியே வைக்க வேண்டும்.