ஊர் வரலாற்றுக்குப் பணம்: நல்கையா, சந்தாவா, பெரிய நிறுவனத்திடம் ஒப்படைப்பதா?

ஒரு வட்டாரத்தின் பழைய ஆவணங்கள், புகைப்படங்கள், முதியவர்களின் குரல்பதிவுகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பாதுகாக்கும் சிறிய குழு ஒன்றில் இருக்கிறேன். வேலையை விரிவாக்க முடிவெடுத்தபோது பணத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒரு நிறுவனத்திடம் திட்ட நல்கை (மானியம்) கேட்பது. உறுப்பினர்களிடம் சந்தா வாங்கி, அதில் ஒரு பகுதியை நிரந்தர வைப்பாக வளர்ப்பது. சேகரித்ததை எல்லாம் ஒரு பல்கலைக்கழகத்திடமோ பெரிய நூலகத்திடமோ கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். அதைத் தேர்ந்தெடுத்தவன் என்பதால் என் சாய்வு அந்தப் பக்கம்தான். இதே இடத்தில் நின்று யோசிக்கும் மற்ற குழுக்களுக்கு உதவட்டும் என்று எங்கள் கணக்கை எழுதுகிறேன்.

நல்கை பெரிய தொகை, சந்தா சிறிய தொகை. நல்கைக்கு விண்ணப்பம், அறிக்கை, தணிக்கை எல்லாம் உண்டு, சந்தாவுக்கு அவ்வளவு இல்லை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நல்கையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் 'அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள்' திட்டத்தைப் பாருங்கள். ஆர்காடியா நிதியத்தின் பணத்தில் உலகம் முழுக்கச் சேகரிப்புகளை மின்னுருவாக்க நல்கை தருகிறார்கள். தமிழ்நாட்டில் தனியார் வீடுகளில் கிடந்த பழைய ஆவணங்கள் பலவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் படியெடுத்ததும் இந்தத் திட்டத்தின் நல்கையில்தான். அவர்கள் வைத்திருக்கும் ஒரு நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது: மூல ஆவணம் அதன் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, மின்படியின் ஒரு பிரதி உள்ளூர் நிறுவனத்திலும் இருக்க வேண்டும். கரையான் ஏறிய பெட்டி, இடிக்கப்போகும் வீடு, வெள்ளம் புகுந்த அறை என்று காத்திருக்க முடியாத நிலைமைகளில் நல்கைக்கு ஈடே இல்லை. சந்தா சேரும்வரை கரையான் பொறுத்திருக்காது.

ஆனால் நல்கைக்கு முடிவுத்தேதி உண்டு. வருடிகள் (ஸ்கேனர்கள்) வாங்கலாம், படியெடுக்க ஆள் வைக்கலாம், பயிற்சி தரலாம், வெளியீட்டு விழாகூட நடத்தலாம். திட்டம் முடிந்த மறுநாள் முதல் ஆகும் செலவுக்குப் பெரும்பாலான விண்ணப்பப் படிவங்களில் ஒரு கட்டம்கூட இருப்பதில்லை. நாங்கள் அணுகிப் பார்த்த நிதியமைப்பு ஒன்று, புதிதாக எதை உருவாக்குவீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்டது. உருவானதை யார் காப்பாற்றுவது என்பதற்கு ஒற்றை வரியில் உறுதிமொழி போதும் என்றது. அந்த உறுதிமொழியை எந்தப் பணத்தை நம்பிக் கொடுப்பது?

கொடுத்த நல்கை பாதியில் நிற்பதும் நடக்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் மானுடப் புலங்களுக்கான தேசிய நல்கை அமைப்பு, ஏற்கெனவே ஒப்புதல் தந்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கைகளை ரத்து செய்தது. 1965 முதல் இயங்கிவரும் அமைப்பு அது. அதன் பணத்தை நம்பியிருந்த மாநில அளவிலான மன்றங்கள், சிறு அருங்காட்சியகங்கள், உள்ளூர் வரலாற்றுத் திட்டங்கள் எல்லாம் தடுமாறின. மாநில மன்றங்களைத் தாங்கிப் பிடிக்க மெலன் அறக்கட்டளை 1.5 கோடி டாலர் அவசர உதவி அறிவித்தது. ஒரு வாயிலை மட்டும் நம்பி இருந்தால் அது மூடும்போது என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு ஒன்றுதான். இதை மட்டும் சற்று நீட்டியே சொல்கிறேன்.

ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 300 டிபிஐ தெளிவில், வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக வருடினால் அது சுமார் 26 எம்பி வரும். பத்தாயிரம் பக்கம் என்றால் 260 ஜிபி. ஒரே பிரதியை நம்ப முடியாது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் என்பதுதான் இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் விதி. ஆக 780 ஜிபி. இன்றைய வன்தட்டுக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் வன்தட்டு பரணில் போட்டுவிட்டு மறக்கக்கூடிய பொருளும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், எடுத்து வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். எண் மாறியிருந்தால் அந்தக் கோப்பு கெட்டுவிட்டது, இன்னொரு பிரதியிலிருந்து மீட்க வேண்டும். இணையப் பெயரைப் புதுப்பிக்க வேண்டும், சேவையகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். மூலத் தாள்களுக்கு அமிலமில்லாத உறை, ஈரம் ஏறாத அறை, பூச்சி வந்திருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்க்க ஓர் ஆள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய செலவில்லை. ஆனால் எதையும் ஓர் ஆண்டுகூட நிறுத்த முடியாது. பெரிய தொகை ஒருமுறை வருவதைவிடச் சிறிய தொகை ஆண்டுதோறும் வருவதுதான் இந்தச் செலவுக்குப் பொருந்தும்.

இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. 1086-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எழுதப்பட்ட டூம்ஸ்டே நில ஏட்டின் 900-ஆவது ஆண்டை ஒட்டி, 1986-இல் பிபிசி அதேபோன்ற ஊர்ப் பதிவு ஒன்றை நாடு முழுவதும் திரட்டியது. பள்ளிக் குழந்தைகள் உட்படப் பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள். தங்கள் தெரு, தங்கள் பள்ளி, அன்றாட வாழ்க்கை என்று எழுதியும் படம் எடுத்தும் அனுப்பினார்கள். அத்தனையும் லேசர் தட்டுகளில் ஏறியது. அவற்றைப் படிக்கத் தனி வகைக் கணினியும் அதற்கென்றே செய்த தட்டு ஓட்டும் கருவியும் தேவைப்பட்டன. பதினைந்து ஆண்டுகளிலேயே அந்தக் கருவிகள் அரிதாகிவிட்டன. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தனியாக மென்பொருள் எழுதித்தான் 2002 வாக்கில் தரவை மீட்டார்கள். தோலில் எழுதிய 1086-ஆம் ஆண்டு ஏட்டை இன்றும் திறந்து படிக்கலாம்.

அடுத்தது இன்னும் கொடுமை. 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. அதன் 200-ஆவது ஆண்டு அது. பல ஆண்டுகளாகப் பராமரிப்புத் தொகை முழுதாக வராமல் கட்டடம் நலிந்திருந்தது. புதுப்பிக்கப் பெரிய நிதி ஒன்று அதே ஆண்டு ஜூனில்தான் ஒப்பந்தமாகியிருந்தது. தீ முந்திக்கொண்டது. அணைக்க வந்தவர்களுக்கு அருகிலிருந்த குழாய்களில் தண்ணீர் வரவில்லை. பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அந்தத் தீயில் போயின. பேசுபவர்கள் ஏற்கெனவே இறந்துபோன மொழிகளும் அவற்றில் உண்டு. அவற்றை எந்த நல்கையாலும் திரும்ப வாங்க முடியாது.

சரி, சந்தா இதற்கு எப்படி விடையாகிறது? சந்தா மட்டும் விடையாகாது. சந்தாவிலிருந்து ஒரு பங்கு தொடாத வைப்பாக மாற வேண்டும். நம்மிடம் இந்த யோசனைக்கு ஆயிரம் ஆண்டு வயது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகள் பலவற்றில், நந்தா விளக்குக்கு (அணையாமல் எரியும் விளக்கு) எண்ணெய் வாங்கக் காசு கொடுத்துவிட்டுப் போனவர்கள் இல்லை. 96 ஆடுகளை இடையர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் மந்தையை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம், தினம் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்குப் பதிலாகக் குட்டி வளர்ந்து கணக்கு நேராகும். 'சாவா மூவாப் பேராடு', அதாவது சாகாத, மூப்படையாத ஆடு, என்று கல்லில் வெட்டியது இந்த முதல் தொகையைத்தான். கொடுப்பவர் பெயர், ஆட்டின் எண்ணிக்கை, பொறுப்பேற்றவர், அளக்க வேண்டிய நெய், இதைக் காக்க வேண்டியவர்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். இன்றைக்கு ஒரு வைப்பு நிதிப் பத்திரத்தில் வேண்டியதும் அதே ஐந்து விவரங்கள்தான்.

பிரிட்டனில் 1895-இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் அமைப்பும் பழைய மாளிகை ஒன்றை ஏற்கும் முன், அதை நிரந்தரமாகப் பராமரிக்க எவ்வளவு முதல் வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. பொதுவாக அந்த முதல் கூடவே வராவிட்டால் மாளிகையை இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்பதில்லை. பல லட்சம் உறுப்பினர்களைக் கொண்ட அமைப்பே அப்படி நடந்துகொள்ளும்போது சிறு குழுக்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

கணக்கு எளிது. பல்கலைக்கழக அறநிதிகள் பொதுவாக ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம்தான் எடுத்துச் செலவு செய்கின்றன. வட்டி முழுவதையும் செலவழித்தால் விலைவாசி ஏற ஏற முதல் தேயும் என்பதால், மிச்சத்தை முதலோடு சேர்க்கிறார்கள். 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுப் பராமரிப்புச் செலவைப்போல் 25 மடங்கு வைப்பில் இருந்தால் போதும், சேகரிப்பு தன் காலில் நிற்கும். எங்கள் விதி: சந்தாவில் மூன்றில் ஒரு பங்கு நேரே வைப்புக்குப் போகும், செயற்குழுவே நினைத்தாலும் முதல் தொகையைத் தொட முடியாது. 25 மடங்கு இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. இப்போதைக்கு 5 மடங்கைத் தாண்டியிருக்கிறோம். அதுவே, ஒரு மோசமான ஆண்டு வந்தாலும் வன்தட்டு மாற்றுவதை ஒத்திப்போட வேண்டாம் என்ற தைரியத்தைத் தருகிறது.

சந்தாவால் பணத்தோடு கூட வரும் ஒன்றை நான் முதலில் எதிர்பார்க்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்களைக் கூட்டி, விவரம் தெரியாத படங்களைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் பரப்புவோம். பள்ளிக்கூட வாசலில் எடுத்த குழுப்படம் ஒன்று. பின்பக்கத்தில் பென்சிலால் ஆண்டு மட்டும் இருந்தது. ஒரு பெரியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இரண்டாம் வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே பெயர்களைச் சொன்னார். ஓரத்தில் நின்ற பெண்ணிடம் வந்து நின்றுவிட்டார். "இவ பேரு வாயில இருக்கு, வரமாட்டேங்குது. எங்க அக்காவைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அடுத்த கூட்டத்துக்கு அக்காவையே அழைத்து வந்தார். பெயர் கிடைத்தது, அந்தப் பெண் அங்கே ஆசிரியையாக வந்தவர் என்பதும், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதும் தெரிந்தது. சம்பளத்துக்கு வைத்த பட்டியலாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்த வரியை நிரப்பியிருக்க முடியாது. சந்தா கட்டியவர்களுக்கு இது தங்கள் வேலை என்ற உரிமை இருக்கிறது, அதனால்தான் அக்காவை வண்டியேற்றி அழைத்து வருகிறார்கள்.

'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளம் 2005-இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் இத்தனை பெரிய அளவில் திரட்டியிருப்பதும் பெரும்பாலும் தன்னார்வலர்களையும் நன்கொடையாளர்களையும் நம்பித்தான். பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் மக்கள் கொடுக்கும் சிறுசிறு தொகைகள் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன்.

சந்தாவின் குறைகளும் உண்டு. மெதுவாகத்தான் நகரும். முதல் ஆண்டு உற்சாகமாகக் கட்டியவர்கள் மூன்றாம் ஆண்டு மறந்துவிடுவார்கள்; வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் ஏற்பாடு செய்துகொண்டவர்கள்தான் நிலைக்கிறார்கள். இதைவிடக் கவலை தருவது வேறு. பணம் கொடுப்பவர் தன் குடும்ப வரலாறு முன்னால் வர வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடும். வசதியுள்ளவர்களின் வீட்டில்தான் பழைய புகைப்படங்களும் பத்திரங்களும் மிஞ்சியிருக்கும் என்பதால், கூலி வேலை செய்தவர்களின் வரலாறு ஏற்கெனவே மெலிந்துதான் கிடக்கிறது. சந்தா அதை இன்னும் சாய்த்துவிடக் கூடாது. எல்லோருக்கும் ஒரே தொகை, கட்ட முடியாதவர்கள் குரல்பதிவு தந்தால் அவர்களும் முழு உறுப்பினர், எதைச் சேர்ப்பது என்பதில் நன்கொடையாளருக்குத் தனிச் சொல் கிடையாது. இந்த மூன்றையும் எழுத்தில் வைத்தோம்.

ஒப்படைப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரதி கொடுப்பதை வரவேற்கிறேன், இருக்கும் ஒரே பிரதியைக் கொடுப்பதை எதிர்க்கிறேன். ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக்காப்பகம் 2009 மார்ச் 3 அன்று, பக்கத்தில் நடந்த சுரங்க ரயில் பணியால் அப்படியே சரிந்து விழுந்தது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலால் அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. உள்ளூரில் ஒரு பிரதி வேண்டும் என்ற அவர்களின் நிபந்தனை எவ்வளவு சரியானது என்பதை அந்த மாதங்கள் காட்டின. பெரிய நிறுவனங்களிலும் விபத்து நடக்கும். அதோடு, சேகரிப்பு தொலைவில் போய்விட்டால் பெரியம்மாவின் அக்காவுக்கு அதைத் தொட்டுப் பார்க்க வழியில்லை.

நான் சொன்னதெல்லாம் தாள், படம், ஒலி ஆகியவற்றுக்கு. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. அங்கே முதல் செலவே சந்தாவால் எட்ட முடியாத உயரத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் கொலராடோவில் 1990-இல் மக்கள் வாக்களித்து, பழைய சுரங்க ஊர்கள் மூன்றில் சூதாட்டத்தை அனுமதித்து, அந்த வரியில் ஒரு பகுதியை மரபுப் பாதுகாப்புக்கு ஒதுக்கினார்கள். சூதாட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஆண்டுதோறும் தானாக வரும் வரிப் பங்கு என்ற ஏற்பாடு கட்டடங்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது. நிகழ்படப் பதிவுகளுக்கும் என் கணக்கு அப்படியே ஒத்துவராது. கோப்புகளின் அளவு பல மடங்கு பெருகும், 25 மடங்கு என்ற இலக்கும் அதற்கேற்ப உயரும்.

நாங்களும் நல்கைக்கு இனி விண்ணப்பிக்கவே மாட்டோம் என்று இல்லை. ஒரு குடும்பத்தின் கணக்கேடுகள் ஈரத்தில் ஒட்டத் தொடங்கியிருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது, அதற்குக் கேட்கப்போகிறோம். விண்ணப்பத்தோடு ஒரு தாளைச் சேர்த்திருக்கிறோம். இந்த ஏடுகளைப் படியெடுத்தால் எத்தனை ஜிபி வரும், அதை வைத்துக்காக்க ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், அதில் எவ்வளவு எங்கள் சந்தாவிலிருந்து வரும், மீதிக்கு வைப்பில் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று எழுதி, அந்தக் கடைசித் தொகையையும் நல்கையிலேயே கேட்டிருக்கிறோம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் இணைப்பாக வைத்திருக்கிறோம்.